ஐந்நூறு வெள்ளி இருக்கிறது, எதை மாற்றலாம்?

போனஸ் கைக்கு வரும் மாதங்களில், பாட்டுப் பிரியர்களான இளையர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “வீட்டில் ஒரு சின்ன ஸ்டீரியோ செட் இருக்கிறது. இன்னும் நன்றாகக் கேட்க ஆசை. கையில் ஐந்நூறு வெள்ளி இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை மாற்றவா, ஸ்பீக்கரை மாற்றவா?”

இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கடைக்குப் போனால் ஆம்ப்ளிஃபையர் என்பார்கள். அந்த வாரம் அதுதான் தள்ளுபடியில் இருக்கும். வேலையிடத்து நண்பர், “முதலில் வயரை மாற்று” என்பார். இணையத்தில் தேடினால் ‘டாக்’ எனப்படும் மின்னிலக்க மாற்றிதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று ஒருவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் எது குறைகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு பாட்டு ஐந்து நிலையங்களைக் கடக்கிறது. முதலாவது, பாட்டு புறப்படும் இடம்: ரெக்கார்டு பிளேயர், குறுந்தட்டு, திறன்பேசி எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது ஆம்ப்ளிஃபையர். மூன்றாவது ஸ்பீக்கர். நான்காவது, அந்த ஸ்பீக்கர் இருக்கும் அறை. ஐந்தாவது, கேட்பவரின் காது. இவற்றில் எங்கே பாட்டு தட்டுப்படுகிறதோ, அங்கே செலவழித்தால்தான் பலன். மற்ற இடத்தில் ஆயிரம் வெள்ளி போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

இதை ஒரு வீட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. ஈசூனில் நான்கறை வீடு. வீட்டில் அக்கா, அத்தான், அத்தானின் அம்மா. அந்த அம்மாவை நான் ‘அத்தை’ என்று அழைப்பேன். வயது 78. அவர் இளம் வயதில் சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் நாற்பதுக்கு மேல் அந்த வீட்டில் இருக்கின்றன. டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, கே.பி.சுந்தராம்பாள், கொஞ்சம் நாதஸ்வரம். அட்டைகள் எல்லாம் பழுத்து மஞ்சளாகிவிட்டன. தட்டுகள் மட்டும் பத்திரம்.

அக்கா மகள் இரண்டாம் கையாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினாள். அத்தான் பல ஆண்டுகளுக்கு முன் சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரைத் தூசி தட்டி எடுத்தாள். ஒரு பழைய காம்போ செட்டின் இரண்டு ஸ்பீக்கர்களை அதில் மாட்டினாள். பாட்டு வந்தது. ஆனால் அத்தை முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“பாட்டி என்ன சொல்றாங்க தெரியுமா மாமா? குரல் எங்கேயோ அடுத்த புளோக்கில இருந்து வர்ற மாதிரி இருக்காம். கடையில கேட்டேன். முப்பது வாட் ஆம்ப் பத்தாது, அறுபது வாட் வாங்குன்னு சொல்லிட்டாங்க. ஐந்நூறு வெள்ளி எடுத்து வச்சிருக்கேன். சனிக்கிழமை வாங்கிடவா?”

“சனிக்கிழமை நான் வர்றேன். கடைக்கு அப்புறம் போகலாம்” என்றேன்.

காசு செலவில்லாத வேலைகள்

நான் முதலில் பார்த்தது ஸ்பீக்கர் வயரை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு முனைகள் உண்டு, சிவப்பு, கறுப்பு. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்களும் எதிரும் புதிருமாக இயங்கும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். செட் கெட்டுப்போகாது, பாட்டும் நிற்காது. ஆனால் அடித்தளச் சத்தம் மெலிந்துவிடும். குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் கரைந்துபோகும். ‘அடுத்த புளோக்கில் இருந்து வருகிறது’ என்று அத்தை சொன்னது இதைத்தான். இடது ஸ்பீக்கரில் வயர் மாறியிருந்தது. மாற்றி மாட்ட இரண்டு நிமிடம்.

இதை உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். 1960-களின் திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். கே.வி.மகாதேவன் இசையில் 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ பாடல்கள் இதற்குப் பொருத்தம். அந்தக் காலத்துப் பதிவுகள் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி போகும். எல்லாம் சரியாக இருந்தால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் இருந்து பாடகரின் குரல் வர வேண்டும். அப்படி வரவில்லையென்றால் வயரையோ வைத்திருக்கும் இடத்தையோ பாருங்கள். பிறகு 1978-இல் வந்த ‘ப்ரியா’ பாடல்களைப் போடலாம். சிங்கப்பூரில் படமான அந்தப் படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். கருவிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பது அதில் தெரியும்.

அடுத்தது, வைக்கும் இடம். அக்கா வீட்டில் ஒரு ஸ்பீக்கர் தொலைக்காட்சி மேசையில் இருந்தது. மற்றொன்று சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில், தலைக்கு மேல் இருந்தது. இரண்டும் ஒரே உயரத்தில், உட்கார்ந்திருப்பவரின் காதுமட்டத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த ஒலியைத் தருகிற சின்ன வட்டம் நம் காதை நோக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கர், நாம் உட்காரும் நாற்காலி, இந்த மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூலைகளாக, ஏறக்குறைய சம தூரத்தில் இருந்தால் நல்லது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் அடித்தளச் சத்தம் கூடும். அறையின் மூலையில் தள்ளினால் இன்னும் கூடி, தவில் எல்லாம் டிரம் உருட்டுவதுபோல் கேட்கும். ஒரு சாண் முன்னே இழுத்தாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, அறை. வீவக வீடுகளில் தரை ஓடு, சுவர் கான்கிரீட், சன்னல் கண்ணாடி. ஒலி பட்டுத் தெறிக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. கூடத்தில் நின்று ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஓர் ஒலி வால்போல் நீண்டால், உங்கள் பாட்டிலும் அதே வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு கம்பளம், சன்னலுக்குக் கனமான திரை, புத்தகம் நிறைந்த அலமாரி, இவை போதும். அக்கா வீட்டில் பொங்கலுக்கு மட்டும் விரிக்கும் கம்பளம் ஒன்று அலமாரி மேல் சுருட்டி வைத்திருந்தது. அது கீழே இறங்கியது.

இந்த மூன்று வேலைக்கும் ஒரு காசு செலவில்லை. முடிந்ததும் அதே பாட்டைப் போட்டோம். அத்தை சமையலறை வாசலில் வந்து நின்று, “இப்ப ஆளு வீட்டுக்குள்ள வந்துட்டாரு தம்பி” என்றார்.

அறுபது வாட் கணக்கு

கடையில் சொன்ன அறுபது வாட் விஷயத்துக்கு வருவோம். முப்பது வாட்டிலிருந்து அறுபது வாட் என்றால் சத்தம் இரட்டிப்பாகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மின்திறன் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. வால்யூம் குமிழை லேசாகத் திருப்புவது போன்ற வித்தியாசம் அது. காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். முப்பது வாட்டுக்குப் பதில் முந்நூறு!

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஸ்பீக்கரின் பின்னாலோ கையேட்டிலோ ‘உணர்திறன்’ என்று ஓர் எண் இருக்கும். அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு அது பெரும்பாலும் 84 முதல் 88 டெசிபல் வரை. 86 என்றால், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும். அது வாகனங்கள் நெருக்கியடிக்கும் சாலையோரத்தில் நிற்பதற்குச் சமம். நம் கூடங்களில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவாகத்தான் செலவாகிறது. மீதி எல்லாம் திடீரென வரும் தவில் அடிக்கும் டிரம்ஸுக்கும் இருக்கும் கையிருப்பு. முப்பது வாட் அதற்குத் தாராளம். 86-க்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலேயே அதன் சக்தியை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடும்.

அப்படியானால் ஆம்ப்ளிஃபையரை எப்போது மாற்றுவது? வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தால் ஒலி கரகரவென்று சிதைகிறதா? பாட்டு நின்ற பிறகும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறதா? ஒரு பக்கம் அடிக்கடி மௌனமாகிறதா? அளவுக்கு மீறிச் சூடாகிறதா? புதிதாக வாங்க நினைக்கும் ஸ்பீக்கர் 4 ஓம், உங்கள் ஆம்ப்ளிஃபையரோ 8 ஓமுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் ‘கர்ர்’ என்றால், அது உள்ளே சேர்ந்த தூசி. பழுதுபார்ப்பவர் மின்தொடர்பைத் துப்புரவு செய்யும் திரவத்தைத் தெளித்துச் சரி செய்துவிடுவார். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அத்தானின் பழைய ஆம்ப்ளிஃபையரில் இந்தக் குறை எதுவும் இல்லை. அதனால் அதை அப்படியே விட்டோம். கதவு போட்ட அலமாரிக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததை வெளியே எடுத்து, மேலே காற்றோட்டத்துக்கு இடம் விட்டு வைத்தோம். அவ்வளவுதான்.

தட்டைத் தின்னும் ஊசி

எனக்குக் கவலையாக இருந்தது வேறொன்று. பாட்டில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறல். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் அது இன்னும் மோசம். இது ஊசி தேய்ந்ததற்கான அடையாளம். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைகிறது. அதே ஒலி குறைந்த இடத்துக்குள் நெருக்கப்படுவதால், தேய்ந்த ஊசியால் அதைத் தொடர்ந்து படிக்க முடிவதில்லை.

“இந்த ஊசி எத்தனை வருசமா இருக்கு?” என்று கேட்டேன்.

“தெரியல மாமா. வித்தவரும் சொல்லல.”

நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம். அதற்குள் ஊசி நானூறு மீட்டருக்கும் அதிகமாக உரசிக்கொண்டு ஓடிவிடுகிறது. முனை வைரம்தான் என்றாலும் அதற்கும் ஆயுள் உண்டு. வடிவத்தைப் பொறுத்து 300 முதல் 1,000 மணி நேரம் வரை. தினமும் ஒரு மணி நேரம் கேட்டால், சாதாரண ஊசி ஒன்றரை ஆண்டுக்குள் மாற்றப்பட வேண்டும். தேய்ந்த ஊசி ஒலியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அதன் கூரான ஓரங்கள் தட்டின் பள்ளத்தைச் செதுக்கி எடுத்துவிடும். செதுக்கிப் போனது திரும்ப வராது. ஆம்ப்ளிஃபையர் இன்று இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வாங்கலாம். அத்தையின் தட்டுகள் சில இனி எங்கே தேடினாலும் கிடைக்காது.

அதனால்தான் வரிசையில் ஊசிக்கு முதலிடம் கொடுத்தோம். பல கேட்ரிட்ஜ்களில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். முழுக் கேட்ரிட்ஜும் வாங்கத் தேவையில்லை. அவளுடைய மாடலுக்கான ஊசி 68 வெள்ளிக்குக் கிடைத்தது. கூடவே ஊசி தட்டை அழுத்தும் எடையைப் பார்க்கும் சின்ன மின்னிலக்கத் தராசு 15 வெள்ளி. பல கேட்ரிட்ஜ்களுக்கு இந்த எடை 2 கிராம் அளவில் இருக்கும். உங்களுடையது எவ்வளவு என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். அதிகம் என்றால் தேய்மானம். குறைவு என்றால் ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளி ஓடும். அதுவும் தட்டுக்குக் கேடுதான். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைப்பது சரியல்ல.

மீதிப் பணம் போன இடம்

ஊசியும் மாறிய பிறகு எஞ்சிய குறை ஸ்பீக்கரில்தான். இது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே சிரமம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆகவே பெரிய தொகை என்று ஒன்று போவதாக இருந்தால், அது ஸ்பீக்கருக்குப் போகட்டும்.

அந்தக் காம்போ ஸ்பீக்கர் ஒன்றின் முன்வலையைக் கழற்றினோம். காகிதக் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரைவளையம் விரலால் தொட்டதும் உதிர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் ஈரத்துக்கும் நுரைவளையம் தாக்குப்பிடிப்பதில்லை. ரப்பர் வளையம் நெடுநாள் வரும். பழைய ஸ்பீக்கர் வாங்கப் போனால், வலையைக் கழற்றி அந்த வளையத்தைப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். விற்பவர் வலையைக் கழற்றத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

என்ன அளவு வாங்குவது? இதில் பலருக்கு ஆசை அறையை மிஞ்சிவிடுகிறது. ஒவ்வோர் அறைக்கும் தன் நீளத்துக்கு ஏற்ப, இயல்பாகவே பெருக்கிக் காட்டும் ஓர் அடித்தள ஒலி உண்டு. நான்கு மீட்டர் நீள அறைக்கு அது 43 ஹெர்ட்ஸ் அளவில் வரும். மூன்று மீட்டர் அறைக்கு 58 ஹெர்ட்ஸ் பக்கம். பெரிய ஸ்பீக்கரையோ தனி சப்வூஃபரையோ இப்படிப்பட்ட அறையில் வைத்தால், அந்த ஒரு சுருதி மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு உறுமும். கூடவே அடித்தள ஒலி கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கும் போகும். அண்டைவீட்டாரின் முகத்தை மின்தூக்கியில் தினமும் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஐந்தங்குல வூஃபர் உள்ள சின்ன ஸ்பீக்கர் 55, 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிமட்டம் மட்டும் முழுதாக வராது. ஆனால் அதன் மேல்சுரங்களை வைத்துக் காதே அந்தச் சுருதியை ஊகித்துக்கொள்ளும். குரலும் வீணையும் வயலினும் புல்லாங்குழலும் எந்தக் குறையும் இல்லாமல் வரும். கூடத்தில் பழைய பாடல்கள் கேட்கும் குடும்பத்துக்கு அது போதும்.

அக்கா மகள் கரோசலில் தேடி, பிடோக்கில் ஒருவர் விற்ற ரப்பர் வளைய ஸ்பீக்கர் ஜோடியை 280 வெள்ளிக்கு வாங்கினாள். போகும்போது தனக்குப் பழக்கமான மூன்று பாடல்களைத் திறன்பேசியில் கொண்டுபோனாள்: ஒரு பெண் குரல், ஒரு நாதஸ்வரம், அவளுக்குப் பிடித்த ரகுமான் பாட்டு ஒன்று. கடைகளில் கேட்டுப் பார்க்க விரும்புவோர் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்குப் போகலாம். ஒலிச் சாதனக் கடைகள் அங்கே பல உண்டு. எங்கே கேட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகக் கேட்பதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஓரிரு டெசிபல் வித்தியாசமே அதற்குப் போதும். திறன்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியை வைத்துச் சமப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர் வாங்குபவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஜப்பானில் வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட். இங்கே 230. அந்நாட்டு உள்ளூர்ச் சந்தைக்குச் செய்யப்பட்ட சாதனத்தை நேரே செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மின்மாற்றி வேண்டுமென்றால் அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

வயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கூடத்தின் தூரத்துக்கு, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரணச் செப்பு வயரே போதும். 16 கேஜ் தடிமன் இருந்தால் சரி. அதற்கு மேல் அதில் போடும் பணம் காதுக்குப் போய்ச் சேராது.

ஐந்தாவது நிலையம்

மொத்தச் செலவு: ஊசி 68, தராசு 15, ஸ்பீக்கர் 280. ஆக 363 வெள்ளி. மீதி 137 வெள்ளி வங்கியிலேயே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து நான் போனபோது சுசீலா பாடிக்கொண்டிருந்தார். நான் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. அத்தையிடம் கேட்டேன்.

“குரல் பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கு தம்பி. ஆனா வார்த்தை மட்டும் பிடிபட மாட்டேங்குது. முன்ன மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு, அதனால ஒப்பேத்துறேன். தெரியாத பாட்டுன்னா என்ன சொல்றாங்கன்னே புரியல.”

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். அடுத்து எதை மாற்றலாம் என்ற கேள்வி அவள் கண்ணில் இருந்தது. இந்த முறை செட்டில் மாற்ற எதுவும் இல்லை.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளைத்தான். சத்தம் கேட்கும், சொல் தெளியாது. உயிரெழுத்துகள் தாழ்ந்த ஒலிகளில் இருக்கின்றன, அவை தப்பித்துவிடும். ‘ச’, ‘ஸ’, ‘த’, ‘ப’ போன்ற மெய்களின் கூர்மை உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. அவை உதிர்ந்துவிடும். அதனால்தான் பெரியவர்கள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நாம் ‘ஏன் இவ்வளவு சத்தம்?’ என்று சலித்துக்கொள்கிறோம். மெதுமெதுவாக வருவதால் அவர்களுக்கே அது தெரிவதில்லை. ‘இப்போதெல்லாம் யாரும் தெளிவாகப் பேசுவதில்லை’ என்றுதான் சொல்வார்கள். பிறகு பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவார்கள். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “ஆமாடா, ஒரு வருசமாவே அத்தை கோயிலுக்குப் போனா யாருகிட்டயும் நின்னு பேசறதில்ல.”

ஆம்ப்ளிஃபையரில் ‘ட்ரெபிள்’ குமிழை இரண்டு புள்ளி கூட்டி வைத்தோம். அது கொஞ்சம் உதவியது. ஆனால் சரியான வழி, காதைப் பரிசோதிப்பதுதான். பலதுறை மருந்தகத்தில் சொன்னால் செவித்திறன் சோதனைக்கு அனுப்புவார்கள். கேட்கும் கருவி தேவைப்பட்டால், தகுதியுள்ள மூத்தோருக்கு அரசாங்க உதவித்தொகையும் உண்டு. அத்தைக்கு இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தது. கருவியும் வந்துவிட்டது. அவர் அதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். “தட்டு கழுவுற சத்தமெல்லாம் இடி மாதிரி கேக்குது” என்று கழற்றி வைத்துவிடுகிறார். ஞாயிறு மாலை பாட்டுப் போடும்போது மட்டும் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறாராம். பழகச் சில மாதங்கள் ஆகும் என்று செவித்திறன் நிபுணர் சொல்லியிருக்கிறார். இசைக்கென்று தனி அமைப்பு உள்ள கருவிகளும் உண்டு. அதையும் அடுத்த முறை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு வரிசை

ரெக்கார்டு இல்லாமல் திறன்பேசியில் மட்டும் கேட்பவர்களுக்கும் இதே வரிசைதான், ஊசி ஒன்றைத் தவிர. ஊசிக்குப் பதில், நீங்கள் பயன்படுத்தும் செயலியின் அமைப்பில் ஒலித்தரம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். தரவைச் சேமிக்கும் குறைந்த தரத்தில் இருந்தால் உயர்த்துங்கள். புளூடூத்தில் வரும் பாட்டையும் வயர் வழியாக வரும் பாட்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் மட்டும் சின்ன டாக் ஒன்று வாங்கலாம். விலை குறைந்தவையே இன்று நன்றாக இருக்கின்றன. வித்தியாசம் தெரியவில்லை என்றால் பணம் மிச்சம்.

ஆகவே, சுருக்கமாக. முதலில் வயரின் சிவப்பு, கறுப்பு. பிறகு ஸ்பீக்கர் வைக்கும் இடம். பிறகு கம்பளமும் திரையும். ரெக்கார்டு கேட்பவரானால் உடனே ஊசி. அதன் பிறகும் குறை இருந்தால் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர், அது கெட்டால் மட்டும். வயருக்குக் கடைசி இடம்.

ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் நின்று கேளுங்கள். ஒரு தாளை எடுத்து, எந்தப் பாட்டில் என்ன குறைகிறது என்று எழுதி வையுங்கள். ‘குரல் தெளிவில்லை’, ‘அடித்தளம் உறுமுகிறது’, ‘ஒரு பக்கம் மெலிவு’, இப்படி. கடைக்குப் போகும்போது பணப்பையோடு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.